கைக்கெட்டும் உயரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு. மேடையில் பேசியது அச்சுக்காகச் செப்பம் செய்யப்பட்டுள்ளது. கிளைக்கதைகள் சில விடப்பட்டன.)



அழைப்பிதழில் ‘வகுப்பறையும் நவீனத் தொழில்நுட்பமும்’ என்று போட்டிருக்கிறார்கள். தலைப்பு அமைப்பாளர்கள் தந்தது. தொழில்நுட்பம் என்றதும் மின்சாரத்தில் ஓடுவது மட்டுமே நமக்கு நினைவுக்கு வருகிறது. பாய், கரும்பலகை, அட்டை, அலமாரி, ஆசிரியரின் நாற்காலி இவையும் வகுப்பறைத் தொழில்நுட்பங்கள்தான். பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வகுப்பறையில் ஒரு பொருள் யார் கைக்கு எட்டுகிறதோ அவர்தான் அதைக்கொண்டு வேலை செய்வார். வேலை செய்கிறவர்தான் கற்பார். வகுப்பறையை நவீனமாக்குவது என்றால் முதல் வேலை, பொருள்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வைப்பது. புதிய கருவி அதற்கு உதவலாம், கெடுக்கவும் செய்யலாம். எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அந்த அறையில் நிற்கிற ஆசிரியர் கையில் இருக்கிறது. இதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன். இரண்டாவது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. மணல்

சென்னை எழும்பூரில் தொடங்குகிறேன். 1789இல் ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்காக அங்கே நடந்த ஆதரவற்றோர் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். ஒருநாள் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தம் இல்லத்திலும் எழுத்துப் படிக்கிற சிறுவர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அந்த வகுப்பின் உதவி ஆசிரியர், ‘இது நடக்காது’ என்றார். பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். நடந்தது. 1797இல் லண்டனில் இதைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று அது பெயர் பெற்றது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கதையில் சட்டாம்பிள்ளையைப் பார்ப்பார்கள். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் சம்பளச் செலவு மிச்சம். இங்கிலாந்தும் அதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைத்துப் பாடம் நடத்தியது. நான் மணலைப் பார்க்கிறேன். ஓலைக்கு எழுத்தாணி பிடிக்கத் தெரிய வேண்டும், காகிதத்துக்குக் காசு வேண்டும். மணலுக்கு இரண்டும் வேண்டாம். தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு, அழிந்துபோகும். முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது பேரும் ஒரே நேரத்தில் எழுதலாம். வாத்தியார் நடந்துகொண்டே யார் எங்கே தடுமாறுகிறார் என்று கண்டுகொள்ளலாம்.

திண்ணைப் பள்ளிக்கு நான் மாலை போட வரவில்லை. ஊரில் பலருடைய பிள்ளைகள் அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது. ஏறிய பிள்ளைகளுக்கும் கோதண்டம் என்ற தொங்கவிடும் தண்டனை காத்திருந்தது. எட்டுகிற உயரம் என்று பேசும்போது, யாருக்கு எட்டியது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

2. சுவரின் கீழ்ப்பாதி

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிவைத்தார். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷி வேலியில், பத்மநாப ராவ், ரமா இணையர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் சிறு பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைகளும் கற்றல் ஏணியும் அதற்கு மூலம். மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்து 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு அது பரவியது.

இந்த அவையில் முப்பது வயதுக்கு உட்பட்ட சிலர் அந்த அறைகளில் படித்திருப்பீர்கள். மற்றவர்களுக்காக அந்த அறையைக் கொஞ்சம் காட்டுகிறேன். சுவரின் கீழ்ப்பாதி சுற்றிலும் கறுப்பு வண்ணம். அதுதான் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம், பெயர் எழுதி. தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்தது, வெட்டியது, ஒட்டியது எல்லாம் அதில் தொங்கும். பாட வாரியாகத் தட்டுகள், தட்டுகளில் அட்டைகள், அட்டையின் மூலையில் ஒரு சின்னம். ஏணிப்படத்தில் தான் நிற்கிற படியைப் பார்த்து, அந்தச் சின்னம் உள்ள தட்டிலிருந்து பிள்ளையே அட்டையை எடுத்துக்கொண்டு போய் உரிய பாயில் உட்காரும். ஆசிரியர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டிய பாய் ஒன்று, கூடப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளும் பாய் ஒன்று, தானே செய்துகொள்ளும் பாய் ஒன்று என்று பிரித்திருந்தார்கள். ஆசிரியரும் பாயில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. நம் தொடக்கப் பள்ளி அறை ஏறத்தாழ இருபதுக்கு இருபது. நான்கு சுவர் எண்பது அடி. கதவு, அலமாரி, முன்பக்கப் பெரிய பலகை இவற்றைக் கழித்தால் ஐம்பது அடியாவது தேறும். முப்பது பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை அடிக்கு மேல். முன்சுவரில் நாலடி உயரத்தில் மாட்டிய பலகையில் ஆசிரியர் எழுதுவார், முப்பது பேர் பார்ப்பார்கள். கீழ்ப்பாதியில் வண்ணம் பூசியதும் முப்பது பேரும் எழுதுகிறார்கள். செலவு, சில டின் பெயின்ட். எழும்பூர் மணல், நிமிர்ந்து சுவரில் ஏறிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழகப் பள்ளிக்கூடத்தில் என் வாழ்நாளில் நடந்த மிகப் பெரிய நவீனமாக்கல் இதுதான் என்பது என் கருத்து. வாட்ஸ்அப்பும் ஸ்மார்ட்போனும் வருவதற்கு முன்பே, மின்சாரம் துளியும் இல்லாமல், அது நடந்தது.

எதிர்ப்பு இல்லாமல் நடக்கவில்லை. நான் பயிற்சிக்குப் போன இடங்களில் கேட்ட முணுமுணுப்பில் பாதி, நாற்காலியைப் பற்றியது. இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியவரைப் பாயில் உட்காரச் சொன்னால் முட்டி மட்டுமா வலிக்கும்? பெற்றோரின் மனக்குறை வேறு மாதிரி. ‘பக்கத்து நர்சரியில பெஞ்சு, டை, வீட்டுப்பாடம். எங்க புள்ள மட்டும் தரையில உக்காரணுமா?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாம் லேசாக எடுத்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். தலைமுறை தலைமுறையாகத் தரையில்தான் உட்கார வேண்டும் என்று வைக்கப்பட்டவருக்குப் பெஞ்சு என்பது மரச்சாமான் மட்டுமா? ‘ஆசிரியரும் உங்கள் பிள்ளையோடு அதே பாயில்தான் உட்கார்கிறார்’ என்பதை வாசலில் நின்று பார்க்கும் அப்பா அம்மாவுக்கு யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சாதி என்ற சொல்லைச் சொல்லாமல் வகுப்பறை இருக்கைகளைப் பற்றிப் பேச முடியாது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024இல் அவர் தந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பது. அவசியமான பரிந்துரை. ஆனால் அகரவரிசையில் ஜூன் மாதம் உட்கார்ந்தவன் ஏப்ரல் வரை அதே இடத்தில்தான் இருப்பான். ஏணியும் அட்டையும் ஓடிய அறையில் பிள்ளை இன்று யாரோடு உட்கார்வது என்பதை அவன் எடுத்த அட்டை சொல்லியது, நாளைக்கு வேறு அட்டை, வேறு பக்கத்து ஆள். சேர்ந்து உட்கார வேண்டும் என்று யாரும் அறிவுரை சொல்லவில்லை, வேலை உட்காரவைத்தது.

பிறகு என்ன ஆயிற்று? அட்டைகள் நைந்தன, புதியவை நேரத்துக்கு வரவில்லை. நம்பிக்கை இல்லாத ஆசிரியரிடம் ஏணி இன்னொரு பதிவேடாயிற்று. மெதுவாகப் படிக்கிற பிள்ளை கீழ்ப்படியிலேயே பல மாதம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்ததும் உண்டு. முக்கியமாக, 13 பள்ளிகளில் மெல்ல வளர்ந்தது ஓர் உத்தரவில் மாநிலம் முழுக்க இறங்கியது. பல மாற்றங்களுக்குப் பின், கொரோனா விடுமுறை விட்ட பள்ளத்தை நிரப்ப 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்காரவைக்கிறதே, அதில் பழைய பாயின் சாயல் தெரிகிறது. ஆனால் பல பள்ளிகளில் சுவரின் கீழ்ப்பாதிக்கு இடைக்காலத்தில் டிஸ்டம்பர் அடித்துவிட்டார்கள்.

3. இருப்புப் பதிவேடு

1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைக் கற்பித்தல் பொருள்கள் என்பது நோக்கம். பெட்டி பெட்டியாகப் பொருள்கள் வந்தன. வந்தவை எங்கே போயின என்று இங்கே இருக்கும் மூத்த ஆசிரியர்களுக்குத் தெரியும். பீரோவுக்குள்.

ஆசிரியர் சோம்பேறி என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. பொருள் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. உடைந்தால், தொலைந்தால், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். ஓய்வு பெறும் நாளில் ‘பாக்கி இல்லை’ என்று எழுதி வாங்கும்வரை அந்தக் கவலை போகாது. பிள்ளை தொடாமலிருப்பதே பொருளுக்குப் பாதுகாப்பு என்றாகிவிட்ட இடத்தில் பூட்டுவதுதான் புத்திசாலித்தனம். வானொலிப் பெட்டி, தொலைக்காட்சி, மடிக்கணினி என்று சாமான் மாறியது, சாவி ஒரே இடுப்பில்தான் இருந்தது.

செயல்வழிக் கற்றல் அட்டை ஏன் பீரோவுக்குப் போகவில்லை? அது மலிவு. ஒன்று கிழிந்தால் யாரும் பிடித்தம் செய்ய மாட்டார்கள். கருவியின் விலை ஏற ஏற அது பிள்ளையின் கையை விட்டு விலகுகிறது என்பதை ஒரு விதியாகவே எழுதலாம்.

4. எண்பது விநாடி

அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு, தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் மேற்பட்ட திறன் வகுப்பறைகளை அமைக்கத் திட்டமிட்டு வேலை நடந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் உண்டு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இவ்வளவும் நல்ல முதலீடு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்கிறவர்களோடு நான் இல்லை. கடலையே பார்க்காத பிள்ளைக்குத் திமிங்கிலம் நீந்துவதைக் காட்ட முடிகிறதே, அதற்காக மட்டுமே திரை வரலாம்.

என் கவலை, திரை எந்தச் சுவரில் மாட்டப்படுகிறது என்பது. பெரும்பாலும் முன்சுவரில். பொருத்த வருகிற ஆட்களுக்கு அதுதான் தெரியும், பிளக் பாயின்டும் அங்கேதான் இருக்கிறது. புரொஜெக்டர் என்றால் வெளிச்சம் ஆகாது, ஜன்னலைச் சாத்துகிறோம். படம் தெரிய எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி வரிசையாக உட்கார்கிறார்கள். தட்டும் பாயும் ஓரத்துக்குப் போகின்றன. தொடுதிரை என்றால் பிள்ளைகள் தொட்டுக் கற்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. நாற்பது நிமிடப் பாடவேளையை முப்பது பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எண்பது விநாடி. அந்த எண்பது விநாடிக்குள் எழுந்து வந்து, தொட்டு, திரும்பிப் போய் உட்கார வேண்டும். மீதி நேரம் முழுக்க வேடிக்கை பார்ப்பதுதான். நடைமுறையில் எப்போதும் கை தூக்குகிற நாலைந்து பேர் எல்லா விநாடிகளையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

2003இல் நான்கு சுவருக்கும் பரவிய வகுப்பறை, இவ்வளவு செலவுக்குப் பிறகு மறுபடியும் ஒரு சுவருக்குச் சுருங்குகிறது.

5. ‘ப’ வடிவம்

2025 ஜூலையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படத்தில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் சொல்லும் யோசனையைப் பார்த்துக் கேரளத்தில் சில பள்ளிகள் இருக்கைகளை மாற்றின. தமிழ்நாட்டிலும் ‘ப’ வடிவில் பெஞ்சுகளைப் போடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. கழுத்து ஒரு பக்கமே திரும்பியிருந்தால் வலிக்காதா, பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைக்குப் பலகை தெரியுமா, ஐம்பது பேர் உள்ள அறையில் ‘ப’ எப்படிக் கொள்ளும் என்று மருத்துவர்களும் ஆசிரியர்களும் கேட்டார்கள். சில நாட்களில் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

கழுத்து வலி பற்றிய கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிள்ளை நாள் முழுக்க முன்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் கழுத்து வலிக்கும். வட்டமாகவோ ‘ப’வாகவோ உட்கார்வது ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதற்கு. பேச்சுக்கான இருக்கையைப் போட்டுவிட்டு, பலகையைப் பார்த்து எழுதுகிற பாடத்தையே நடத்தினால் கழுத்துதான் மாட்டிக்கொள்ளும். கடைசி பெஞ்சை ஒழிக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லது. அதைச் சுற்றறிக்கையால் ஒழிக்க முடியாது. காலையில் கதைக்கு வட்டம், கணக்குக்கு நாலு கூட்டம், படம் பார்க்க வரிசை என்று ஒரே நாளில் மாற்றுகிற உரிமையும் தூக்கி நகர்த்தக்கூடிய பெஞ்சும் ஆசிரியருக்கு வேண்டும். நம் பள்ளி பெஞ்சு ஒன்றை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நகர்த்திவிட முடியுமா, பாருங்கள்.

6. ஓர் ஈராசிரியர் பள்ளி

காவிரிக்குத் தெற்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டார். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. இவருக்கு ஒன்று முதல் மூன்று வரை. வெளிச்சுவரில் போன தேர்தலின் வாக்குச்சாவடி எண் இன்னும் இருக்கிறது.

அவர் முதலில் செய்தது, அறையைக் காலி செய்தது. உடைந்த பெஞ்சு, பழைய பீரோ, கட்டுக்கட்டாய்ப் பழைய விடைத்தாள் எல்லாம் போயின. சுவரின் கீழ்ப்பாதிக்குத் திரும்பவும் கறுப்பு வண்ணம். இடுப்பளவு உயரத்தில் பலகை அடித்து, பழக்கூடைகளை அதில் வைத்தார். பிள்ளைகளின் இடுப்பளவு, தம்முடையது இல்லை. 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி இந்தப் பலகையின் உயரத்தைப் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார். ஆசிரியை மாண்டிசோரியைப் படித்தவர் இல்லை. ‘கேட்டு வாங்குற வேலை மிச்சம் சார்’ என்றார். கதவு திறக்கும் இடத்தில் தரையில் 30, 60, 90 பாகைக் கோடுகள். கதவை யார் திறந்தாலும் மூன்றாம் வகுப்பு பாகை சொல்கிறது.

திரை முன்சுவரில்தான் இருக்கிறது, பொருத்தியவர்கள் அப்படிப் பொருத்திவிட்டார்கள். அவர் அதன் கீழே ஒரு பாய் விரித்தார். எட்டுப் பேருக்கு மேல் அங்கே உட்காரக் கூடாது. சத்தம் அந்தப் பாய் அளவுக்கு. மற்ற பிள்ளைகள் திரைக்கு முதுகு காட்டி வேறு வேலையில் இருக்கிறார்கள். முதல் வாரம் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். தங்கள் முறை எப்படியும் வரும் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது.

கைக்கணினி, ரெக்ஸின் துணி தைத்துப் போட்டு, மூலையில் ஒரு பாயில் இருந்தது. நான் போன அன்று மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதில் தன் வாசிப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். வாசித்தாள், நிறுத்தினாள், காதில் வைத்துக் கேட்டாள். தன் குரலைக் கேட்டுச் சிரித்தாள். ‘விளை... யாட்டு’ என்று தான் இரண்டாக உடைத்ததைக் கேட்டதும் முகம் சுளித்து அழித்துவிட்டு மறுபடி வாசித்தாள். திரும்பவும் அழித்தாள். அவள் திருப்திப்படும்வரை ஆசிரியை அந்தப் பக்கம் வரவே இல்லை. வேறு பாயில் ஒன்றாம் வகுப்புக்கு ‘ண’ எழுதக் காட்டிக்கொண்டிருந்தார். அழிப்பதற்குக் கூச்சமில்லாத கருவி, ஒரு பிள்ளை அளவு, அவள் கையில். இப்படி வைத்தால் கைக்கணினியும் மணல்தான்.

‘உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வைத்திருக்கிறார். பிள்ளைகள் பயன்படுத்தும்போது பழுதானால் செலவைக் குழு ஏற்கும் என்று பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தணிக்கையில் அந்தக் காகிதம் எவ்வளவு தூரம் செல்லும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பயம் ஆசிரியர் ஒருவர் தலையிலிருந்து ஊரின் தலைக்கு மாறியது, சாவி இடுப்பிலிருந்து இறங்கியது.

இந்த அவையில் துறை அலுவலர்களும் இருக்கிறீர்கள். மூன்று கோரிக்கைகள். ஒன்று, திரையோ பேனலோ பொருத்த வருகிறவர்கள் எந்தச் சுவர், எந்த உயரம் என்று அந்த வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுப் பொருத்த வேண்டும். பணி முடிப்புச் சான்றில் அவர் கையெழுத்தும் வேண்டும். இரண்டு, பிள்ளைகள் கையாளும் கருவிகளில் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு பழுதாகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அதைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வேண்டும். பேருந்து டயருக்குத் தேய்மானம் ஒப்புக்கொள்கிற அரசு, பள்ளிக் கைக்கணினிக்கும் ஒப்புக்கொள்ளலாம்.

மூன்றாவது பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் முப்பது பிள்ளைகள்வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய், நூறு பேர்வரை என்றால் 25,000. சுண்ணாம்புக்கட்டி, துடைப்பம், மின்பழுது எல்லாம் இதற்குள். இதில் வண்ணத்துக்கும் பலகைக்கும் எங்கே போவது? நான் சொன்ன ஆசிரியை தம் கைக்காசைப் போட்டார், கொஞ்சம் முன்னாள் மாணவர்களிடம் வாங்கினார். ஒரு திறன் வகுப்பறைக்கு ஆகிற செலவில் சிறு பகுதியை ஒதுக்கி, பாய், பெயின்ட், பலகை, ஹெட்போன் என்று எதற்கு வேண்டுமானாலும் முன் அனுமதி கேட்காமல் செலவழிக்க அந்த அறையின் ஆசிரியரிடமே கொடுங்கள். ரசீது வாங்கி வைக்க அவருக்குத் தெரியும்.